நீங்கதானான்னு கேக்குது

எலி இல்லக்கா, போன்தான். பிள்ளை வாளித் தண்ணியில போட்டதுலேருந்து மணி அடிக்க மாட்டேங்குது, வெறுமனே அதிருது. அதான் காலி எவர்சில்வர் டப்பாக்குள்ள போட்டு வச்சிருக்கேன். கடகடன்னு அடுப்படி வரைக்கும் கேக்கும்.

பாருங்க, அதேதான். உங்க கணக்குல யாரோ நுழையப் பாக்குறாங்க, நீங்கதானான்னு என்னைக் கேக்குது. நீங்க போட்டுக் குடுத்த ரெண்டாவது பூட்டு. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் வேலை செய்யுது. பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் என் போன் சம்மதிக்காம ஒருத்தரும் உள்ள வர முடியல. இருட்டினா போதும், வந்துடும். நானும் இல்லன்னு அழுத்திடுவேன்.

பாஸ்வேர்டா? இன்னும் மாத்தலக்கா. திட்டாதீங்க. மாத்திட்டா இந்தக் கேள்வியே வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

பயமில்லாமலா? பயம்தான். ஆனா வராத அன்னிக்குத்தான் ரொம்பப் பயமா இருக்கும். முந்தாநாள் வரவே இல்ல. டப்பாவையே பாத்துக்கிட்டு, சோத்தைப் பிள்ளை மூக்குல ஊட்டிட்டேன்.

தெரியாத போன் ஒண்ணு உள்ள வந்து போயிருக்குன்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. திருடன்னீங்க. நானும் தலையாட்டிட்டேன். ஆனா அந்தக் கணக்குல பிள்ளை படத்தைத் தவிர என்னக்கா இருக்கு? பூட்டுப் போடுறதுக்கு முன்னாடி, நான் புதுசா படம் ஏத்தின அன்னிக்கெல்லாம் அந்தப் போன் உள்ள வந்திருக்கு. இன்னொண்ணு, அந்தப் பாஸ்வேர்டு இவனுக்கு வைக்கலாம்னு பேசி, கடைசியில வைக்காம விட்ட பேரு. ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான்.

ஆமாக்கா, அவருதான், இவன் அப்பா. சொல்லாம கொள்ளாம போனவரு, நம்பரும் அணைஞ்சு கிடக்கு. உயிரோட இருக்காருன்னு எனக்குச் சொல்றது இந்த டப்பா ஒண்ணுதான்.

கோவிச்சுக்காதீங்க, இன்னிக்கு ஆமான்னு அழுத்திட்டேன். இப்பதான், நீங்க பேசிட்டிருக்கும்போதே. பிள்ளை முதல் எட்டு எடுத்து வச்சு நடந்த வீடியோ உள்ள இருக்கு. பாத்தா மனசு கேக்காம ஒரு வார்த்தையாவது எழுத மாட்டாரா?

இருங்க, அதிருது.

கணக்குல இருந்த இன்னொரு நம்பர் நீக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. அவரு நம்பர்தான், கணக்கு தொடங்கினப்ப என்னோடதுகூடச் சேத்துப் போட்டது. அவரே எடுத்துட்டு வெளிய போயிட்டாரு. இனிமே இங்கேருந்து எதுவும் தன்னைத் தேடி வர வேணாம்னு.

வீடியோவைப் பாத்திருப்பாரா, அக்கா?

இல்ல, அழல. நீங்க கிளம்புங்க, மாடியில உங்களைத் தேடுவாங்க. பாஸ்வேர்டை நாளைக்கு மாத்திடலாம். கதவா? இத்தனை நாளா சாத்தி மட்டும்தான் வைப்பேன், அவரு எந்நேரம் வந்தாலும் தட்டிக்கிட்டு நிக்க வேணாமேன்னு. தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சு. வெளியிலேருந்து கதவைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்கக்கா. இன்னும் கொஞ்சம். ஆங், போதும். தாழ் விழுந்துடுச்சு.