எண்பத்தெட்டாவது எபிசோடு வரைக்கும்

இல்லைங்க, போட வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. தாராளமா போடுங்க. சாஃப்ட்வேர் ஆளுங்க கேக்க வேண்டிய பாட்காஸ்ட், படிக்க வேண்டிய புத்தகம்னு ஒரு பட்டியல் போடுறீங்க, அதுல எங்க நிகழ்ச்சி இல்லைன்னாதான் தப்பு. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. எண்பத்தெட்டாவது எபிசோடு வரைக்கும் கேளுங்கன்னு ஒரு வரி சேத்துடுங்க. மொத்தம் நூத்திப் பதினெட்டு இருக்கு, எனக்குத் தெரியும். அந்தக் கடைசி முப்பது வேண்டாம்.

உக்காருங்க சார், நின்னுக்கிட்டே எழுதுறீங்களே. அந்த நாற்காலியில இருக்குற ஹெட்ஃபோனை எடுத்து மேஜைமேல வெச்சுடுங்க. பரவாயில்ல, உக்காரலாம். அண்ணன் உக்காந்து பேசுன நாற்காலிதான், யாரும் உக்காரக் கூடாதுன்னு எல்லாம் இல்லை. ரூம் கொஞ்சம் மூச்சு முட்டும். சுவரு பூரா போர்வை தொங்குதேன்னு பாக்குறீங்களா? எதிரொலி வராம இருக்கத்தான். வீட்டுல கேட்டா, எங்களுக்குப் போத்திக்க ஒண்ணும் இல்லை, சுவத்துக்குத்தான் குளிருதுன்னு சொல்லுவா.

அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். கடைசி முப்பதுதான் எல்லாத்தையும் விட நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சா? தோணும். கச்சிதமா இருக்கும், ஒரு இடத்துல தொய்வு இருக்காது. அதைச் செஞ்சது நான்தான். அதனாலதான் வேண்டாங்குறேன். இருங்க, வரிசையா சொல்றேன், இல்லைன்னா குழம்பிடும்.

அண்ணனும் நானும் ஒரே ஆபீஸ்ல இருந்தோம். அவரு டேட்டாபேஸ் பாக்குறவரு, நான் டெஸ்டர். அதாவது அடுத்தவன் எழுதுனதுல தப்பு கண்டுபிடிக்கிறதுதான் எனக்குச் சம்பளம். அவருக்கு ஆபீஸ்ல செமிகோலன்னு பேரு. பேச ஆரம்பிச்சா முற்றுப்புள்ளியே கிடையாது, ஒண்ணை முடிச்ச மூச்சுலயே அடுத்ததுக்குத் தாவிடுவாரு. சாப்பாட்டு நேரத்துல அவரு பக்கத்துல உக்காந்தவன் பசியாறுனானோ இல்லையோ, ரெண்டு புத்தகத்தோட பேரைத் தெரிஞ்சுக்காம எந்திரிக்க முடியாது.

மத்தவங்க மாதிரி, அருமையான நூல், அவசியம் படிக்கவும், அந்தக் கதையெல்லாம் அவருகிட்ட இல்லை. இந்தப் புத்தகத்துல நேரா நாலாவது அத்தியாயத்துக்குப் போ, முதல் மூணும் எழுதுனவருக்கே புரியலைம்பாரு. இந்தப் பாட்காஸ்ட்ல ரெண்டு பேரு பேசுவாங்க, தாடி வெச்சவன் பேச்சை மட்டும் நம்புன்னு சொல்லுவாரு. கேக்குற பாட்காஸ்ட்ல தாடி எங்கங்க தெரியும்? குரல்லயே தெரியுதுன்னு சாதிப்பாரு. இதையே ரெகார்ட் பண்ணலாமேன்னு நான்தான் சொன்னேன். அதுதான் ஆரம்பம். சனிக்கிழமை காலையில இங்க வருவாரு, ஒரு மணி நேரம் பேசுவாரு. நான் உக்காந்து வெட்டி ஒட்டி செவ்வாய்க்கிழமை வெளியிடுவேன்.

வெட்டுறதுன்னா, இதோ இந்தத் திரையைப் பாருங்க. இந்த மேடு பள்ளம்தான் குரல். இது மூச்சு. இந்தத் தட்டையான கோடு இருக்கே, அது பேசாம இருக்குற இடம். யாரு பேசுனாலும் இது இருக்கும். அந்த ம்ம், வந்து, என்னன்னா, எல்லாத்தையும் எடுத்துட்டுப் பக்கத்துப் பக்கத்துல ஒட்டணும். ஒட்டுனது தெரியக் கூடாது. தெரிஞ்சா அது வேலை இல்லை. வெறும் ரூமோட சத்தத்தைத் தனியா எடுத்து வெச்சுக்கிட்டு ஒட்டுன இடத்துல தடவுவோம், சுவத்துல விரிசலைப் பூசுற மாதிரி. எனக்கு இது கைவந்துடுச்சு சார். தலைக்கனம்னு வெச்சுக்கோங்க, நான் ஒட்டுன இடத்தை இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சதில்லை.

எண்பத்தொம்பதாவதுல முதல் தடவையா ஏழு செகண்டு நின்னாரு. ஏழு செகண்டுங்கிறது சின்னது இல்லை, நீங்க மனசுக்குள்ள எண்ணிப் பாருங்க. ஒரு புத்தகத்தைப் பத்திப் பேசிட்டு இருந்தாரு, அப்படியே நின்னாரு, என்னைப் பாத்தாரு, சிரிச்சாரு, திரும்ப ஆரம்பிச்சாரு. இங்க வர்றப்ப வெயில் மண்டையைப் பொளந்திருச்சுன்னாரு. நான் வெட்டிட்டேன். அடுத்த வாரம் அப்படி மூணு இடம். அதுக்கடுத்த வாரம் எண்ணலை, வெட்டுனேன்.

அப்புறம் சொல்லே வரலை. பெரிய சொல்லு போனாக்கூடப் பரவாயில்ல, அவரு கொடிகட்டிப் பறந்த டேட்டாபேஸ் சமாச்சாரமெல்லாம் தடையில்லாம வரும். சின்னச் சின்ன சொல்லுதான் காணாமப் போச்சு. ஒரு நாள் புத்தகம்ங்கிற சொல்லு வரலை. அந்த, படிக்கிறோமே, திறந்து படிக்கிறோமே, அது, அதுன்னு கையை விரிச்சு விரிச்சு மூடுறாரு. வாரம் வாரம் புத்தகத்தைப் பத்திப் பேசுற மனுஷன். நான் வாயைத் திறந்து எடுத்துக் குடுத்தேன். சொன்னாரு, ஆனா கொழகொழன்னு வந்துச்சு. எனக்குப் பிடிக்கலை. பன்னெண்டாவது எபிசோடுல அவரு அழகா புத்தகம்னு சொன்ன ஒரு இடம் இருந்துச்சு, அதை எடுத்து இங்க வெச்சுட்டேன். அவ்வளவு கச்சிதமா உக்காந்துச்சு. அப்புறம் அதே பழக்கமா ஆயிடுச்சு. அவரோட நல்ல சொல்லையெல்லாம் பழசுல இருந்து பொறுக்கி ஒரு ஃபோல்டர்ல சேத்து வெச்சேன். அத்தியாயம், பக்கம், அட்டை, எழுதுனவரு. தேவைப்படுறப்ப எடுத்து வெப்பேன். கடைசி முப்பதுல நீங்க கேக்குற புத்தகம் எல்லாம் ஒரே புத்தகம்தான் சார். பின்னாடி ஒரு ஸ்கூட்டர் ஹாரன் மெலிசா கேக்கும், ஒவ்வொரு தடவையும். ஒருத்தர் கடிதம்கூடப் போட்டாரு, உங்க தெருவுல அந்த ஸ்கூட்டர்காரனுக்கு வேற வேலையே இல்லையான்னு.

இல்லை, சந்தேகம் வரலைன்னு சொன்னா பொய். வந்துச்சு. வாரம் ஒரு மணி நேரம் பக்கத்துல இருக்கேன், நானே எண்ணி எண்ணி வெட்டுறேன், எனக்குத் தெரியாதா? ஆனா எல்லாரும்தான் தடுமாறுறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். இந்த வேலையில இருந்தா அப்படி ஆயிடும். ஊருல எவனுக்குமே கோர்வையா பேச வராதுன்னு நமக்குத் தெரியும், அதனால எது தடுமாற்றம் எது நோவுன்னு காதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாமப் போயிடும்.

அவரு வீட்டுல நடந்ததை அண்ணி பின்னாடிதான் சொன்னாங்க. அண்ணன் வீட்டுல பேச்சைக் குறைச்சுட்டாராம். ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை, தலையாட்டல், அவ்வளவுதான். அண்ணி என்ன நினைச்சாங்க தெரியுமா? செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அந்த நிகழ்ச்சியைக் கேப்பாங்க. அதுல மனுஷன் அருவி மாதிரி கொட்டுறாரு. ஊருக்கெல்லாம் பேச முடியுது, எங்கிட்டதான் பேசப் பிடிக்கலை போலன்னு முடிவு பண்ணிட்டாங்க. கோவிச்சுக்கிட்டு ரெண்டு மாசம் அவங்களும் முகம் குடுத்துப் பேசலை. அவரு கூட இருக்கப் போறதே கொஞ்ச நாள்தான், அதுல ரெண்டு மாசம் அப்படிப் போச்சு. இப்பவும் அதைச் சொல்லித்தான் அழுவாங்க. நான் பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்லுவேன். என்னை மாதிரி ஒருத்தன் ஆறுதல் சொல்லலாமா?

நூத்திப் பதினெட்டு எடுத்த மறுவாரம் ஆபீஸ்ல மீட்டிங் நடக்குறப்ப கீழ விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு அண்ணியோட நானும் போனேன். அவருக்கு மயக்கம் தெளியலை. டாக்டரு முதல்ல கேட்ட கேள்வியே அதுதான். கொஞ்ச நாளா பேச்சுல எதாவது மாறுதல் தெரிஞ்சுதா? அண்ணி, வீட்டுல பேசுறது குறைவுதான், ஆனா பேச்சு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு, போனை எடுத்து அந்த வாரத்து எபிசோடைப் போட்டுக் காட்டுனாங்க. டாக்டரு ரெண்டு நிமிஷம் கேட்டாரு. நல்லா பேசுறாரே, நானும் இந்த நாலாவது அத்தியாயத்தைப் படிக்கணும் போலிருக்கேன்னு சிரிச்சாரு. பேச்சு சரியா இருக்குன்னு எழுதிக்கிட்டாரு. நான் பின்னாடி சுவத்துல சாஞ்சு நின்னுட்டு இருந்தேன்.

மறுநாள் ஸ்கேன் வந்துச்சு. மூளையில கட்டி, பேச்சு வர்ற இடத்துல. டாக்டருக்கே புரியலை. இந்த இடத்துல இவ்வளவு பெருசா வெச்சுக்கிட்டு இப்படிப் பேச முடியாதே, எப்படிப் பேசுனாருன்னு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்குறாரு. ஒரு மூணு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா சின்னதா இருந்திருக்கும், எடுத்திருக்கலாம்னாரு. நாலு மாசம் இருந்தாரு அண்ணன். கடைசி ஒன்றரை மாசம் ஒரு சொல்லும் இல்லை.

சொல்லலை சார். டாக்டர்கிட்டயும் சொல்லலை, அண்ணிகிட்டயும் சொல்லலை. சொல்லணும்னு போவேன், அவங்க போன்ல அந்த எபிசோடு ஓடிக்கிட்டு இருக்கும், பாரு எவ்வளவு நல்லா பேசுறாருன்னு சொல்லுவாங்க, நான் ஆமான்னுட்டு வந்துடுவேன். அந்த முப்பதையும் எடுத்துடலாம்னு ஒரு தடவை மெல்லக் கேட்டுப் பாத்தேன். அவரு கடைசியா பேசுனதை எடுக்குறேங்குறியே, உனக்கு மனசே இல்லையான்னாங்க. அதனாலதான் உங்க பட்டியலையாவது பிடிச்சுப் பாக்குறேன். புதுசா ஆயிரம் பேரு வந்து அந்த முப்பதைக் கேக்கப் போறாங்க. அதுல இருக்குறது அவரு பேச்சு இல்லை, நான் மறைச்சது.

வெட்டி எடுத்ததா? எறியலை. இருக்கு, இதே மெஷின்ல. ஒரு மணி நேரம் அம்பத்திரண்டு நிமிஷம். வரிசையா கோத்து வெச்சிருக்கேன். அவரு மூச்சு விடுறது, நாக்கைத் தட்டுறது, அது, அதுன்னு தேடுறது. தினம் மத்தியானம் வீட்டுல யாரும் இல்லாதப்ப கேப்பேன். கேட்டா நிம்மதியா இருக்குன்னு இல்லை. அதுலதான் அவரு இருக்காரு, அவ்வளவுதான். சில நாள் நானே இங்கிருந்து புத்தகம்ணே, புத்தகம்ணேன்னு எடுத்துக் குடுக்குறேன். எங்க வீட்டுக்காரி ஒரு நாள் சீக்கிரம் வந்துட்டா, கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டு, உள்ள யாருன்னு கேட்டா.

இப்பவும் இதே தொழில்தான். ஆபீஸை விட்டாச்சு, வேற அஞ்சு நிகழ்ச்சிக்கு வெட்டிக் குடுக்குறேன். ஆனா எவனாவது ரெண்டு செகண்டுக்கு மேல நின்னா வேலையை நிறுத்திட்டு உடனே போன் போட்டுடுறேன். உடம்பு எப்படி இருக்கு, தலை வலிக்குதா, கடைசியா எப்ப டாக்டரைப் பாத்தீங்கன்னு கேக்குறேன். கிறுக்கன்னு நினைக்குறாங்க. ஒருத்தர் வேற ஆளைப் பாத்துக்கிட்டாரு.

அவருக்குமா தெரியலைன்னு கேக்குறீங்க. கடைசியில அங்கதான் வந்து நிப்பீங்கன்னு தெரியும். தெரிஞ்சுது சார். நூத்திமூணு எடுத்த மறுநாள் போன் பண்ணாரு. தம்பி, பேசுறப்ப எனக்கு ஏதோ வழுக்குது, செவ்வாய்க்கிழமை கேட்டா சரியா இருக்கு, எது நிஜம்னு தெரியலை. நீ எழுபதாவதையும் நூத்திமூணையும் கை வைக்காம அப்படியே அனுப்பு, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்குறேன்னாரு. ப்ரோக்ராம்ல பழசையும் புதுசையும் ஒப்பிட்டுத்தானே எங்க கெட்டுச்சுன்னு கண்டுபிடிப்போம், அதே மாதிரி. வியாழக்கிழமை பத்தரைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன், அதுக்குள்ள அனுப்புன்னாரு.

எழுபதை அப்படியே அனுப்பிட்டேன். நூத்திமூணைக் கேட்டேன், எனக்கே தாங்கலை. இதைக் கேட்டா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாருன்னு தோணுச்சு. அதுவும் பாதிதான் உண்மை. நிகழ்ச்சி நின்னுடுமோன்னு பயமும் இருந்துச்சு. உக்காந்து சுத்தம் பண்ணேன். கை வைக்காததுன்னு நம்பணுமேன்னு நாலஞ்சு ம்ம் மட்டும் எழுபதுல இருக்குற அளவுக்கு விட்டு வெச்சேன். அனுப்புனேன்.

சாயங்காலம் பதில் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, சும்மா மனசுலதான் போல, வீணா பயந்துட்டேன், டாக்டர்கிட்ட போறதை விட்டுட்டேன். லீவு போட்டாச்சு, அதை வீணாக்க வேண்டாம், வியாழக்கிழமையே அடுத்ததை எடுத்துடலாம்னு போட்டிருந்தாரு. பத்தரைக்கு வந்து அந்த நாற்காலியில உக்காந்தாரு. ரொம்ப சந்தோஷமா இருந்தாரு அன்னைக்கு. அதுதான் சார் நூத்திநாலு. இதுவரைக்கும் அதிகம் பேரு கேட்டது அதைத்தான்.