இரண்டு தடவை அழுத்தவும்

ராத்திரி பதினொன்று இருக்கும். வண்டி நின்ற இடத்தில் தெருவிளக்கு கிடையாது. முன்னாலும் பின்னாலும் வெறும் சாலை. டிரைவர் அண்ணன் இறங்கிப் போய் பானட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். மாற்று வண்டிக்குச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சூடான ரப்பர் வாசனை. கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் புழுக்கம்.

ஆபீஸ் வேனில் நாங்கள் நான்கு பேர். பட்டன் எந்த நிறம், எழுத்து எவ்வளவு பெரிது என்று வரைந்து கொடுக்கிற டிசைனர் அக்கா. நாங்கள் எழுதுவதில் ஓட்டை கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் டெஸ்டர். கண்ணாடியின் கனத்துக்காக அவனுக்கு சோடாபுட்டி என்று பெயர். டிரைவர் அண்ணன். நான்.

"சும்மா உக்காந்திருந்தா தூக்கம்தான் வரும். யாராவது பேய்க் கதை சொல்லுங்கப்பா," என்றார் அக்கா.

"நம்ம பழைய கோடிங்கைத் திறந்து காட்டுறேன்க்கா. அதைவிடப் பெரிய பேய் எங்க இருக்கு?" என்றான் சோடாபுட்டி.

"கோடிங்லயே ஒண்ணு இருக்கு," என்றேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வேனில் நான் பேசுவதே அபூர்வம்.

"என் ஃபிரெண்டோட சகலைக்கு நடந்தது," என்று ஆரம்பித்தேன்.

சாயங்காலம் ஏழு மணி. ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சாலை. ஒரு பக்கம் உயர்ந்த மதில், மறுபக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். ஜெனரேட்டர் புகை. துணி வெளுக்கும் கூடத்திலிருந்து வரும் சோப்பு ஆவி. சாலை முனையில் ஒரு டீக்கடை. சகலை அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி மேலே இரண்டாவது மாடியில், ஜன்னலோரம், பதினேழாம் படுக்கையில். இறங்கி வருவதற்கு முன் ஓர் ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, கைக்கெட்டும்படி தட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். "போய் டீ குடிச்சிட்டு வாங்க. என்னைவிட உங்களைப் பாத்தாதான் நோயாளி மாதிரி இருக்கு," என்று அவள்தான் அனுப்பி வைத்தாள்.

அவர் திரும்பி ஏறி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சுளைகள் அப்படியே இருந்தன.

"தூக்கத்துலயே போயிருக்காங்க," என்றார் டாக்டர். "ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பாங்க இல்ல? மணி அடிக்கவே இல்லையே."

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் சகலை அதற்குப் பிறகு சாப்பிட்டார், குளித்தார், வேலைக்குப் போனார். மணி அடிக்கவில்லை. அதனால் அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் அவரிடம் மிச்சம் இருந்தது.

நான் கொஞ்சம் நிறுத்தினேன். அக்கா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். என் வீட்டு விஷயம் அவர்களுக்குத் தெரியும்.

"வேற ஏதாவது சொல்லேம்பா," என்றார்.

"இது என் கதை இல்லக்கா. கேளுங்க."

அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்தில் ஒரு சின்னத் தொடுதிரை. அதில் பெரிதாக ஒரு பச்சைப் பட்டன். அழுத்தினால் வராந்தா முனையில் சிஸ்டர்களின் மேசையில் டிங் என்று ஒரு சத்தம் கேட்கும். அங்கிருக்கும் திரையில் படுக்கையின் எண் சிவப்பாக எரியும். வருகிற சிஸ்டர் நோயாளியின் திரையில் 'வந்துவிட்டேன்' என்பதைத் தொட வேண்டும். அப்போதுதான் சிவப்பு அணையும். மேசையில் உட்கார்ந்தபடி அணைக்க முடியாது.

சகலைக்கும் நம் தொழில்தான். வலைப்பக்கத்தில் கண்ணில் படுகிற, விரல் தொடுகிற பக்கத்தை எழுதுகிறவர். அவள் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். அந்தப் படுக்கைத் திரைகளின் நிரலைச் சரி செய்ய ஆஸ்பத்திரியில் ஆள் தேடுகிறார்கள் என்று என் நண்பன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் போனார்.

"என்ன கோளாறு சிஸ்டர்?"

"பெருசா ஒண்ணும் இல்ல சார்," என்றார் பெரிய சிஸ்டர். "சில நேரம் மொதல் தடவ அழுத்தினா வராது. ரெண்டாவது தடவ வந்துடும். எங்களுக்குப் பழகிடுச்சு. புதுசா வர்றவங்களுக்குத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அதான் எழுதி ஒட்டிட்டோம்."

ஒவ்வொரு படுக்கைக்கு மேலேயும் ஒரு தாள். இரண்டு தடவை அழுத்தவும்.

"இதை எப்ப ஒட்டினீங்க?"

"ஆறேழு மாசம் இருக்கும்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் இருந்தபோது அந்தத் தாள் இல்லை. யாரும் வாயாலும் சொல்லவில்லை. அவளுக்கோ எதையும் ஒரு தடவைதான் சொல்லிப் பழக்கம். "ஒரு தடவ சொன்னா ஏறாதா?" என்பாள். ஏறாவிட்டால் இரண்டாவது தடவை சொல்ல மாட்டாள், பேசாமல் இருந்துவிடுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

மணி அடிக்கவில்லை என்றால் அவள் கூப்பிடவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

அன்றைக்கே நிரலைத் திறந்தார். திறந்தவுடன் மூட வேண்டும் போல இருந்தது. ஒருத்தர் திரையில் தன் பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே தெரிய வேண்டும் என்று 99 போட்டிருந்தார். அடுத்தவர் அதற்கு மேலே தெரிய 999. அதற்கடுத்தவர் ஒன்பதை எண்ணாமல் அடித்துக்கொண்டே போயிருந்தார். ஒருத்தர் தோள்மேல் ஒருத்தர் ஏறி நின்றதுதான் மிச்சம். அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஒரே பட்டன், வார்டுக்கு ஒரு பிரதி. ஓரிடத்தில் சரி செய்தால் மற்ற இடங்களில் பழையதே ஓடும். படுக்கைகளின் பட்டியல் வேறு, பக்கத்துக்குப் பக்கம் கையால் எழுதி வைத்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

"கேக்கக் கேக்க நம்ம ஆபீஸ் ஞாபகமே வருது," என்றான் சோடாபுட்டி.

"நீ சும்மா இரு," என்றார் அக்கா.

நடுவில் ஓர் இடத்தில் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள். 'இது எதுக்குன்னு தெரியல. எடுத்தா ஒடையுது. தொடாதீங்க.'

அவர் தொட்டார்.

திரை முழுவதையும் மூடுகிற ஒரு பெட்டி அது. 'சற்றுப் பொறுக்கவும்' என்று காட்டுவதற்காக ஒரு காலத்தில் வைத்தது. பிறகு யாருக்கோ அந்த வாசகம் பிடிக்கவில்லை. பெட்டியை எடுக்காமல், எழுத்தை எடுத்துவிட்டு நிறத்தை அழித்துவிட்டார். அவ்வளவுதான் வேலை. அதனால் அது கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. திரை தூங்கி விழிக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி வந்து பட்டனை மூடும். முதல் தொடல் கண்ணாடி மேல் விழும். கண்ணாடி விலகும். இரண்டாவது தொடல்தான் பட்டனுக்குப் போகும்.

"சரி... அந்த மொத டச் எங்க போச்சு?" என்று கேட்டான் சோடாபுட்டி. டெஸ்டர் புத்தி.

"அதைத்தான் அவரும் தேடினார்."

அது எங்கேயும் போகவில்லை. தொட்ட நேரத்தை அந்தத் திரை தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொண்டிருந்தது. பிறகு மேசைக்கு அனுப்பலாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அனுப்புகிற பாதியை எழுதுவதற்குள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அதனால் ஒவ்வொரு படுக்கையின் முதல் கூப்பாடும் அந்தந்தத் திரைக்குள்ளேயே கிடந்தது.

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை.

பதினேழாம் படுக்கை இப்போது இல்லை. ஜன்னல் பக்கத்தைப் பலகை வைத்துத் தடுத்து, சாமான் அறை ஆக்கிவிட்டார்கள். பழைய திரைகளும் அங்கேதான் ஓர் அட்டைப் பெட்டியில் கிடந்தன. சகலை சாவி வாங்கிக்கொண்டு போனார். கால் ஒடிந்த ஸ்டாண்டுகள், சுருட்டி வைத்த மெத்தைகள், தூசி. பெட்டியில் பதினேழு என்று ஒட்டியிருந்த திரையை எடுத்தார். சார்ஜில் போட்டார். வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது... பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. உள்ளே பார்த்தார்.

அந்தச் சாயங்காலம். அவர் டீக்கடையில் நின்றிருந்த நேரம்.

ஒரு தொடல். ஒன்றே ஒன்று.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறாள். ஒரு தடவை சொன்னால் போதும் என்று படுத்திருந்திருக்கிறாள்.

அவர் மெத்தைச் சுருள் மேல் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. எழுந்திருக்கும்போது ஜன்னலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "ரெண்டு தடவ அழுத்தணும்டி. உனக்கு யாரும் சொல்லல."

பிறகு வேலையை ஒழுங்காகச் செய்தார். கண்ணாடியை எடுத்தார். ஒன்பதுகளை எல்லாம் இறக்கினார். பட்டன் ஒரே இடத்தில், எல்லா வார்டும் அதையே எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். படுக்கைப் பட்டியலும் ஒரே இடத்தில். அதில் பதினேழு கிடையாது. எல்லாம் முடிந்தபோது, புதிதாக வருகிற ஒருவர் ஒரே மூச்சில் படித்துப் புரிந்துகொள்கிற அளவுக்கு நிரல் சுருங்கியிருந்தது. பதினேழின் பழைய திரையில் இருந்ததையும் அவரே அழித்து, பேட்டரியைக் கழற்றிப் போட்டார்.

சோதித்துப் பார்க்கிற அன்றைக்கு ஒரு சின்ன சிஸ்டர் படுக்கை படுக்கையாகப் போய் அழுத்தினாள். பெரிய சிஸ்டரும் சகலையும் மேசையில். ஒரு அழுத்து, ஒரு டிங். ஒரு அழுத்து, ஒரு டிங். பிசகவே இல்லை.

"இனிமே எங்க தொண்டை பொழச்சுது," என்றார் பெரிய சிஸ்டர். சுவரில் ஒட்டியிருந்த தாள்களை அன்றைக்கே கிழித்தார்கள். பசைத் தடம் மட்டும் நின்றது.

இருட்டிவிட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டிங்.

டிங்.

மேசைத் திரையில் கடைசிப் படுக்கைக்கும் கீழே, ஒன்றுமே இருக்க முடியாத இடத்தில், சிவப்பு. பதினேழு.

"என்ன சார், வெளையாடுறீங்களா?" என்றார் பெரிய சிஸ்டர்.

சகலையின் இரண்டு கையும் பை மேல் இருந்தன. பெரிய சிஸ்டர் அதைப் பார்த்தார். அப்புறம் சாவிக் கொத்தை எடுத்தார்.

சாமான் அறைக் கதவைத் திறந்ததும் வாசனைதான் முதலில் வந்தது. அப்போதுதான் உரித்த ஆரஞ்சு. தோலைக் கிள்ளும்போது தெறிக்குமே, அந்த வாசனை. சிஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். சகலை மட்டும் உள்ளே போனார். தூசி கலையவில்லை. ஜன்னல் மூடியிருந்தது. தொடுவதற்கு எரிகிற திரை எதுவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வாயால் சொன்னார்.

"வந்துட்டேன்."

வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து சின்ன சிஸ்டரின் குரல் கேட்டது. "சிஸ்டர்... அணைஞ்சிடுச்சு."

வீட்டுக்கு வந்து நிரலை மேலிருந்து கீழ்வரை படித்தார். பழைய குப்பையாக இருந்தால் எங்காவது ஏதாவது ஒளிந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. எல்லா ஓட்டையையும் அவர்தான் அடைத்திருந்தார்.

அடுத்த நாளும் இருட்டியதும் அடித்தது. மற்ற எல்லாப் படுக்கைக்கும் ஒரு தடவை. அதற்கு மட்டும் இரண்டு. சிஸ்டர்கள் போய்ச் சொன்னால் அணையவில்லை. அவர் போனால் அணைந்தது.

நான் நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றார் டிரைவர் அண்ணன்.

"அவ்ளோதான். தினமும் வேலை முடிஞ்சு போறார். சொல்லிட்டு வர்றார்."

"ஒரு நாள் போகாம இருந்து பாத்தாரா?" என்றான் சோடாபுட்டி. குரலில் கிண்டல் இல்லை. "போகலன்னா என்ன ஆகும்?"

"தெரியாது. இதுவரைக்கும் போகாம இருந்ததில்ல."

தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. மாற்று வண்டி. ஹெட்லைட் கூசியது. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. டிரைவர் அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்தபடி, தினமும் கேட்பதைப் போலவே கேட்டார்.

"தம்பி, உங்கள எப்பவும் போல ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ரோட்டுலயே எறக்கி விட்டுரவா? இல்ல, இவ்ளோ லேட்டாயிடுச்சு, இன்னிக்கு வீட்டுக்கே..."

பாதியில் நிறுத்திவிட்டார். பாட்டில் மூடி கையிலேயே இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"பின்னாடி ரோட்டுலயே விடுங்கண்ணா," என்றேன்.

இறங்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். பெரிய சிஸ்டரின் அழைப்புகள். அவற்றுக்கு மேலே, இப்போதுதான் வந்த ஒரு செய்தி.

'எங்க சார் இருக்கீங்க? மூணாவது தடவையும் அடிச்சிடுச்சு.'