கறுப்பு மைக்குக் கீழே ஆறு இலக்கங்கள்

ஷெல்லைக் குத்தி ஏவும் சத்தம் கேட்கிறது. தொலைவில். மந்தமாக. எண்ணத் தொடங்குகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஏழில் கூவல் வருகிறது. ஒன்பதில் ஷெல் விழுகிறது.

"விழுந்து படுங்கோ! படுங்கோ!"

யாரோ கத்துகிறார்கள். மணலில் முகம். வாயிலும் மணல். எனக்கு முன்னால் ஓடிய தம்பி சேவியர் படுக்கவில்லை. நின்ற இடத்திலேயே சரிந்தான். ஓடிப்போய்த் திருப்பிப் பார்த்தேன். அடுத்த குத்தும் சத்தம் கேட்டுவிட்டது. கணவர் அருளப்பு என் கையைப் பிடித்து இழுத்தார். தம்பியை அங்கேயே விட்டோம். அதற்காக என்னை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

போரின் கடைசிச் சித்திரை மாதம். திங்கட்கிழமை. காலை.

எண்ணுவது எனக்குப் பழக்கம். முல்லைத்தீவுக் கரையில், எங்கள் வள்ளம் கொண்டுவரும் மீனை நான்தான் எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருந்தால் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

வியாழக்கிழமை நீரேரியைக் கடந்தோம். இடுப்பளவு தண்ணீர். மறுகரையில் இராணுவம். ஆண்களைப் பிரித்தார்கள். விசாரணை என்றார்கள். அருளப்புவை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரம். வெறும் மேல். பஸ் உறுமிப் புறப்படுகிறது. யன்னலால் கத்துகிறார்.

"திரேசா! நம்பரைப் பார்! பஸ் நம்பரைப் பாரடி!"

பார்த்தேன். ஆறு இலக்கம். கழுத்தில் செபமாலை இருந்தது. ஒரு மணிக்கு ஓர் இலக்கம். வவுனியா முகாம் வரை உருட்டிக்கொண்டே வந்தேன். மாதாவிடம் ஒன்றும் மன்றாடவில்லை. இலக்கத்தை மட்டும் சொன்னேன்.

முகாமில் பொலிஸார் மேசை போட்டு முறைப்பாடு எழுதினார்கள். நான் தமிழில் சொன்னேன். ஒருவர் சிங்களத்தில் மாற்றிச் சொன்னார். உத்தியோகத்தர் எழுதினார். பேனை கீறும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இலக்கத்தை மூன்று தரம் சொன்னேன். கையொப்பம் வைத்தேன். அன்று பகலே கூடாரத்தில் விழுந்து நித்திரை கொண்டேன். பொலிஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது, இனி நான் சுமக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். மடைச்சி. ஒரு துண்டுத் தாளில்கூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

மீளக் குடியேறி, தகரக் கொட்டிலில் எனக்கொருத்திக்கு மட்டும் உலை வைக்கும்போது ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். இலக்கம் வரவில்லை. கடைசி ஏழு மட்டும் நின்றது. செபமாலையை உருட்டினேன். ஐந்து மணிகள் ஊமையாகிவிட்டன. அன்று அழுத அழுகையைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை.

பொலிஸ் நிலையத்துக்குப் போனேன்.

"அது பழைய புத்தகம் அம்மா. வெளியாட்களுக்குக் காட்டேலாது."

என் வாயால் சொன்னதை வாசிக்க நானே வெளியாள். நாலு தரம் போனேன். நாலு தரமும் அதே பதில். பிறகு தகவல் அறியும் சட்டம் வந்தது. சந்தியில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் மஜீத் நானா விண்ணப்பம் நிரப்பித் தந்தார். புத்தகத்தைத் தேடுகிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு நெடுங்காலம் ஒன்றும் இல்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று பத்து. தபாற்காரரின் சைக்கிள் மணி. பதிவுத் தபால். கையொப்பம் வைத்து வாங்குகிறேன். பஸ் ஏறிச் சந்திக்குப் போகிறேன். பக்கத்து ஆசனம் வெறுமை. அதில் என் பையை வைத்துக்கொள்கிறேன்.

மஜீத் நானா முறைப்பாட்டுப் பிரதியின் சிங்களத்தை வாசித்துச் சொல்கிறார். நீலக் கட்டச் சாரம் இருக்கிறது. வெறும் மேல் இருக்கிறது. கணவரின் பெயர் இல்லை. அந்த இடத்தில் கறுப்பு மை. வரி வரியாக இன்னும் கீழே போகிறார். நிற்கிறார்.

"'முறைப்பாட்டாளர் பஸ் இலக்கத்தை மூன்று தரம் பிழையில்லாமல் சொன்னார்' எண்டு எழுதியிருக்கு அக்கா."

"இலக்கம்?"

அவர் தாளை என் பக்கம் திருப்புகிறார். கறுப்புப் பட்டை ஒன்று. என் சின்ன விரல் நீளம். வாங்கி வெயிலில் பிடித்துப் பார்க்கிறேன்.

"ஒண்டும் தெரியாதக்கா. மை பூசிப்போட்டுத்தான் கொப்பி எடுத்திருக்காங்க."

மூன்றாம் தரப்பினரின் தனிப்பட்ட விபரங்கள் மறைக்கப்பட்டுள்ளன என்கிறது கூட வந்த கடிதம். பஸ்ஸுக்கும் அந்தரங்கம் உண்டு போலும். மேன்முறையீட்டுக்குக் கையொப்பம் வைத்துவிட்டு வந்தேன். இன்னும் எத்தனை கையொப்பம் கேட்டாலும் வைப்பேன்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். தாள் மடியில் கிடக்கிறது. பிழையில்லாமல் சொன்னாளாம். அந்தத் திரேசா மீது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இழந்ததை எண்ணுகிறேன்.

வள்ளம் ஒன்று. வலை நாலு. கல்வீடு ஒன்று. தம்பி ஒருவன், புதைக்காமல். கணவர் ஒருவர், நீலக் கட்டச் சாரத்தோடு. இலக்கங்கள் ஐந்து.

அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதைத்தான்.