சாய்ப்ரியாவின் இடது கை

நீங்கள் வாங்கிக் கொடுத்த காபி நன்றாக இருந்தது, ஐயா. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். சாப்பிட அடம் பிடித்தால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டித்தான் என் அம்மா பங்காரம்மா என்னை வளர்த்தார். இங்கே ஃபேன் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, யாரும் சத்தம் போடவில்லை. அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டார்.

என் பெயர் சென்னகிருஷ்ணன். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் விற்பனை மேலாளர். தண்ணீரே இல்லாத கிணற்றுக்கும் மோட்டார் விற்றிருக்கிறேன். என் பேச்சுத் திறமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், பெருமைக்கு அல்ல.

என் மனைவி சாய்ப்ரியா அன்னூர்ப் பெண். கல்யாணத்தன்று லாரியிலிருந்து பீரோ, கட்டில், கிரைண்டர் இறக்கினார்கள். கடைசியாக ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல அவள் அப்பா வீணையை இறக்கினார். எனக்குச் சங்கீதம் தெரியாது. நான் தாளம் போட்டால் கொசு அடிப்பதுபோல இருக்கிறது என்பாள் அவள். ஆனால் அவள் வாசிப்பது எனக்குப் பிடிக்கும். அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போது என் அம்மாவால் பேச முடியாது.

தொண்ணூற்றைந்தில் அவிநாசி ரோட்டில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. சாய்ப்ரியா ஸ்கூட்டியோடு விழுந்தாள். இடது மணிக்கட்டில் முறிவு. நான் அப்போது ஈரோட்டில் இருந்தேன். இந்த ஒன்றுக்கு மட்டும் நாய்தான் பொறுப்பு. தயவுசெய்து இதை என் பெயரில் எழுத வேண்டாம்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்துவிட்டு, தாராளமாக வாசிக்கலாம் என்றார். ஜன்னத் என்ற பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். கோட்டைமேட்டுப் பெண். மென்மையாகப் பேசுவாள், இரக்கமில்லாமல் விரலை மடக்குவாள். கை சரியாகிவிட்டது. ஆனால் சாய்ப்ரியா வீணையைத் தொடவில்லை. இன்றைக்கு வெயில், நாளைக்கு வெள்ளிக்கிழமை, மறுநாள் கேபிள் டிவியில் படம். மூலையில் நின்ற வீணைப் பெட்டியின் மேல் அம்மா துண்டு காயப்போட ஆரம்பித்தார்.

"இப்பத்தான் ஊடு ஊடாட்டம் இருக்குது" என்றார் அம்மா. வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. உங்களுக்காகத் தமிழில் சொல்லி வருகிறேன்.

ஒரு நாள் சாய்ப்ரியாவிடம் காரணம் கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கை மறந்துபோச்சுங்க. முன்னாடி விரல் தானாப் போகும். இப்ப நான் சொன்னாத்தான் போகுது. அந்தக் கேவலத்த நானே எதுக்குக் கேக்கோணும்?"

எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது, ஐயா. இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். வாங்க மனமில்லாத எல்லா வாடிக்கையாளரும் இப்படித்தான் பேசுவார்கள்.

முதலில் வீணையைப் பெட்டியிலிருந்து எடுத்து ஹாலின் நடுவில் வைத்தேன். சமையலறைக்குப் போக அதைச் சுற்றித்தான் போக வேண்டும். பிறகு, அவள் குழம்பு தாளிக்கும் நேரமாகப் பார்த்து நான் உட்கார்ந்து மீட்டினேன். பூனையை வாலைப் பிடித்துத் தூக்கினால் வருமே, அந்தச் சத்தம். கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஐயோ, அத உடுங்க. சுருதியே சேரல."

"எப்படிச் சேர்ப்பது?"

அவளே உட்கார்ந்து சேர்த்தாள். சேர்த்த பிறகு ஒரு வரிசை வாசித்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? குழம்பு அடிப்பிடித்தது. மறுநாள் யாருக்கும் தெரியாமல் பிரடையை, அதுதான் தந்தியை முறுக்கும் ஆணியை, திருகித் தந்திகளைத் தளர்த்தி வைத்தேன். மறுபடி சேர்த்தாள், மறுபடி கொஞ்சம் வாசித்தாள். அதிகம் வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும் என்று நானே நிறுத்திவிடுவேன். நிறுத்தச் சொன்னால் அவளுக்கு இன்னும் வாசிக்கத் தோன்றும். சில மாதங்களில் பழைய கீர்த்தனைகள் எல்லாம் திரும்பி வந்தன. ஒரு நாள் வாசித்து முடித்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க இல்லாட்டி நான் தூக்கியே போட்டிருப்பேன்" என்றாள்.

அந்த வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் உறுப்பினராக இருக்கும் ஒரு சங்கத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். கூட்டத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பம்பு விற்கும்போது யாரும் என்னைப் பார்த்து அழுததில்லை, வாங்கிய பிறகு தவிர. அடுத்து ஒரு பள்ளி ஆண்டு விழா, பிறகு சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி. 'விழுந்தால் எழு' என்று தலைப்பு வைத்தேன். பொன்னாடைகள் குவிந்தன. அம்மா ஒன்றைக் கிரைண்டருக்குப் போர்த்தினார், இன்னொன்றை டிவிக்கு.

இந்த நேரத்தில் சாய்ப்ரியா நன்றாக வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். அங்கேதான் சிக்கல். விடியற்காலையில் தானாக எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்வாள். நான் தந்தியைத் தளர்த்தி வைத்தால், காபி ஆறுவதற்குள் சுருதி சேர்த்துவிடுவாள். கோயில் கச்சேரிகளில் வீணையைக் காரிலிருந்து இறக்குவது என் வேலை. ஒருவர் என்னைப் பார்த்து, "டிரைவருங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். கல்லூரியில் ஒரு மாணவன் எழுந்து, "மேடம் இப்ப நல்லாத்தானே இருக்காங்க, சார்? அப்புறம் என்ன?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

குளியலறையில் தேங்காய் எண்ணெய் கொட்டியது கை தவறித்தான். துடைக்காமல் வந்தது யோசித்துத்தான்.

ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. படித்துக்கொண்டிருந்த பத்தியை முடித்துவிட்டு எழுந்தேன். அதே இடது மணிக்கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் என் சட்டையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். நெடுநாள் கழித்து அப்படிப் பிடித்தாள். எனக்கும் அழுகை வந்தது. நடிப்பு இல்லை, ஐயா.

இந்த முறை மீட்பது கடினமாக இருந்தது. கடினமாக இருந்ததால் கதை இன்னும் நன்றாக வந்தது. வீணையைப் பார்த்தாலே அறையை விட்டுப் போய்விடுவாள். அவளுடைய பழைய கேசட்டைப் போட்டால் அணைத்துவிடுவாள். நான் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரலைத் தந்தியின் மேல் நானே வைத்து, ஸ வாசித்தால் ஒரு மைசூர்பாகு, ப வாசித்தால் ஒன்று என்று சிரிக்க வைத்தேன். அம்மாகூட அசந்துபோய், "எனக்கு முட்டி வலின்னா எட்டிப் பாக்கமாட்டே" என்றார். ஒரு வருஷம் ஆனது. அந்த வருஷம் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல வருஷம். அவளைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள் என்று நினைக்கிறேன். இப்போது கேட்க வேண்டாம்.

போன மார்கழியில் ஒரு சபாவில் அவளுக்குக் கச்சேரி. முதல் வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அற்புதமாக வாசித்தாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டியதிலிருந்து தெரிந்தது. முடிவில் மைக்கை வாங்கினாள். நான் வேட்டியைச் சரி செய்துகொண்டேன், எழுந்து கும்பிட வேண்டியிருக்கும் அல்லவா.

"என்னோட கைய எனக்குத் திருப்பிக் குடுத்தது ஜன்னத்துங்க. அவங்களுக்கு நன்றி" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஜன்னத் முக்காட்டைச் சரி செய்தபடி எழுந்து கூச்சத்தோடு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். சாய்ப்ரியா மைக்கை வைத்துவிட்டு மங்களம் வாசிக்கப் போய்விட்டாள்.

மறந்திருப்பாள். பெரிய மேடையில் பதற்றம் இருக்கும். இதை வைத்து நான் கோபப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபத்தில் செய்தால் கை நடுங்கும்.

சபா வாசலில் மாருதியில் ஏறி உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பில் பூ சிக்கியிருந்தது, வலது கையால் எடுத்துக்கொண்டிருந்தாள். இடது கை கதவு ஓரத்தில் இருந்தது. பார்த்தேன். சாத்தினேன். சரியாகச் சாத்தவில்லை என்பதால் திறந்து மறுபடி சாத்தினேன்.

இரண்டு விரல்கள். வீணையில் தந்தியை அழுத்துவது அந்த இரண்டுதான்.

காயம் ஆறியதும் ஜன்னத் மறுபடி வந்தாள். விரலை மடக்கும்போது முன்போலப் பேச்சு இல்லை. "ஒரே கைக்கு இத்தன கண்ணேறா, அக்கா?" என்றாள், என்னைப் பார்த்து. சாய்ப்ரியா அவள் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் கேட்டாள், தமிழில். ஜன்னத்துக்கும் புரியட்டும் என்று.

"ஏனுங்க, பாத்துட்டுத்தானே சாத்துனீங்க?"

குரலை உயர்த்தவில்லை. அரிசி களைந்தாயா என்று கேட்பதுபோலக் கேட்டாள். நான் பேப்பரை எடுத்துப் பிரித்தேன். ஜன்னத் தன் பையை மூடினாள். சாய்ப்ரியா செருப்பைப் போட்டாள். இருவரும் சேர்ந்துதான் வெளியே போனார்கள். மாலையில் அன்னூரிலிருந்து போன் வந்தது, அவள் அங்கே இருக்கிறாள் என்று.

வீணையை விட்டுப் போயிருந்தாள். அதற்காக வருவாள் என்று காத்திருந்தேன். வீணையை ஹாலின் நடுவில் வைத்தேன், தந்திகளைத் தளர்த்தினேன். யாரும் வரவில்லை. அம்மா சுற்றிக்கொண்டு நடந்து அலுத்துப்போய், "அவ வரமாட்டா, இத ஓரமா வை" என்றார்.

இன்று காலை நானே அன்னூருக்குப் போனேன். பேசிப் பேசி அவளை உட்கார வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை. காரை நிறுத்தும்போதே சத்தம் கேட்டது. அவள் பள்ளி நாளில் வாசித்த பழைய வீணை அந்த வீட்டில் உண்டு. வலது கையால் தந்திகளை வெறுமனே மீட்டிக்கொண்டு, இடது கை வாசிக்க வேண்டியதையெல்லாம் வாயால் பாடிக்கொண்டிருந்தாள். நடுவில் தந்தியில் ஒரு ஸ்வரம் வந்தது, தடுக்கி, பிசிறடித்து. விரலை வைத்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது. வலித்திருக்கும், நிறுத்தினாள். நான் கேட்டில் கை வைத்துக் காத்திருந்தேன். மறுபடி அதே இடத்தில் வைத்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. யாரும் சொல்லவில்லை.

மாமனார் வெளியே வந்தார். எங்களுக்குள் எப்போதும் தெலுங்குதான். அவரும் தமிழில் பேசினார், மாடு வாங்க வந்தவரிடம் பேசுவதுபோல. சொம்பை நீட்டினார்.

"வாங்க மாப்பிள்ளை. தண்ணி குடிங்க. குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க. அம்மணி வாசிச்சுட்டிருக்குது, தொந்தரவு பண்ண வேண்டாம்."

குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். நானே சொல்லாவிட்டால் இதில் என் பங்கு யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று அங்கிருந்து நேராக இங்கே வந்தேன். ஜன்னத்தும் மாமனாரும் நேற்றே புகார் கொடுத்தார்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆமாம், எண்ணெய் நான்தான். கதவும் நான்தான், இரண்டு முறை சாத்தியதும் சேர்த்து. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். விழுந்த பிறகு எழுந்து உட்கார அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? இன்று காலை அவள் தனியாகச் செய்துகொண்டிருந்தது முழுக்க என் பாடம். அதற்கும் ஒரு வரி ஒதுக்கினால் நியாயமாக இருக்கும்.

ஜெயிலில் பஜனைக் கோஷ்டி எல்லாம் உண்டு என்று கேள்விப்பட்டேன். ஆர்மோனியமோ புல்லாங்குழலோ யாராவது வாசிப்பார்களா, ஐயா? என்னை அந்தப் பக்கமாகப் போடச் சொல்லுங்கள். நன்றாக வாசிக்கிறவராக இருந்தால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.