கருங்கல் வரை இருமல்

"மலை உச்சியில என்னக் கெட்டிப் பிடிச்சு அழுதியளே மைனி, வீட்டுல மட்டும் எதுக்கு எனக்குத் தனி தம்ளர்?"

கருங்கல் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்தவள் கேட்டாள். தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. புற்றுநோயாளிகளுக்கு நிதி திரட்ட மலையேறிவிட்டுத் திரும்புகிறார்கள். அவள் பனியனில் 'வென்றவள்' என்றும், பக்கத்திலிருந்த அவளுடைய அண்ணன் மனைவியின் பனியனில் 'வென்றவளின் குடும்பம்' என்றும் அச்சடித்திருந்தது.

"சின்னப் பிள்ளைய உள்ள வீடுல்லா மக்கா. ஒரு முன்ஜாக்கிரதைதான்."

"இது ஒட்டாதுன்னு அங்க மைக்கப் பிடிச்சுச் சொன்னது நீங்கதானே?"

"அது ஊருக்குச் சொன்னது."

சற்று நேரத்தில் மைனிக்கு இருமல் வந்தது. நிற்கவேயில்லை. இவள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"குடியுங்க மைனி."

மைனி வேண்டாமென்று கைகாட்டிவிட்டு, கருங்கல் வரை இருமிக்கொண்டே வந்தாள்.