முதல் அழைப்பிலேயே திறந்த கதவுகள்

வெண்பாறை எஸ்டேட் மருத்துவமனையின் தலைமைச் செவிலியர், சேர்வராயன் மலைச்சாரலின் சீர்மிகு செல்வி, பனியிலும் பணி மறவாப் பண்பின் பெட்டகம், திருமதி நீமா சந்திரசேகர் அம்மையார் அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் ஒன்றுகூடி உள்ளம் உவந்து வாசித்து அளிக்கும் பாராட்டு மடல்.

அன்பின் ஆழியே! அயராத அடிகளுக்கு உரியவரே! ஆப்பிரிக்க மண்ணில், கிளிமஞ்சாரோ மலைச்சரிவில், வாழை நிழலில் காப்பி வளரும் தோட்டத்தில் பிறந்து, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் நிழலில் காப்பி வளரும் எங்கள் மலைக்கு மருமகளாய் வந்து, மருந்தாய், மடியாய், மனத்துணிவாய் நின்ற மாதரசியே! வணக்கம், வணக்கம், வணக்கம். மூன்று முறை சொன்னதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

இந்த மடல் கண்ணாடி போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்படும். உங்களை அறியாத ஒருவர் அதன் முன் நின்று படிக்கக்கூடும். 'நீங்கள், நீங்கள்' என்று எழுதிக்கொண்டே போனால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே இனி உங்களை 'அவர்' என்றே சொல்லப்போகிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். எழுதுவது கம்பவுண்டர் பிரபாகர் என்பதால் மோனையும் எதுகையும் ஆங்காங்கே வழுக்கி விழும். அதற்கும் மருந்து உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

சென்ற வாரம் நாங்கள் சிலர் அவருடைய வீட்டுக்குப் போனோம். மடலில் எழுதுவதற்கு அவருடைய சாதனைகளை அவர் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று எண்ணம். நாங்கள் எதிர்பார்த்தவை பல. காப்பிப் பழம் பறிக்கும் பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தரும்வரை மேனேஜர் பங்களாவின் கழிப்பறையைத் திறந்துவிடச் சொல்லி, அவர்களை அந்த வாசலில் வரிசையாக நிற்கவைத்தார். பத்தே நாளில், பழத்தோல் உரிக்கும் பல்பர் கொட்டகை ஓரம் புதுக் கழிப்பறை எழுந்தது. கர்ப்பிணிகளுக்கு எஸ்டேட் ஜீப் எந்த நேரமும் வரும்படி செய்தார். இவற்றையெல்லாம் நாங்கள் சொன்னபோது, அதையெல்லாம் நீங்கள்தானே செய்தீர்கள் என்று கையை வீசிவிட்டார். அப்படியானால் நீங்களே பெருமையாக நினைப்பது எது என்று கேட்டோம்.

அவருடைய மகள் மேனகா அன்று சேலத்திலிருந்து வந்திருந்தார். அம்மா யோசிக்கட்டும், என்னுடையதை முதலில் சொல்கிறேன் என்றார். ஏற்காட்டுப் பள்ளியில் படித்த நாளெல்லாம் பஸ்ஸில் யாராவது அவர் முடியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். பாத்திரம் தேய்க்கும் நார் என்பார்கள். பல வருடம் அந்த முடியைச் சூடு வைத்து நேராக்கிக்கொண்டே இருந்தாராம். சேலத்துக் கல்லூரியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்த நாளில்தான், வளர்ந்தது வளர்ந்தபடி மேடை ஏறினார்.

"எங்கம்மா மொத வரிசையில உக்காந்திருந்தாங்க. அவங்க தலையும் என் தலையும் ஒண்ணாட்டவே இருந்துச்சுங்க. அதுக்கு மேல எனக்கு ஒரு பெருமையும் வேண்டாமுங்க" என்றார் மேனகா.

அம்மையார் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு தம்முடையதைச் சொன்னார். "மொதக் கூப்பாட்டுக்கே கதவு தெறக்குதுங்களே, அதுதான். ஆனா அதுலயே ஒரு பயமும் இருக்குதுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். பனி இறங்கினால் இந்த மலையில் நீட்டிய கை தெரியாது. அந்த வேளையில் வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டாம் முறைக்கும் அப்படித்தான். மூன்றாம் முறையும் கூப்பிட்டால்தான் 'ஏனுங்' என்பார்கள். மனிதர் மூன்று முறை கூப்பிடுவார்; மற்றது ஒரு முறைதான் கூப்பிடும், அதற்குப் பதில் சொன்னவர் அதன் பின்னாலேயே போய்விடுவார் என்பது எங்கள் நம்பிக்கை. மற்றது என்றால் எது என்று யாரும் பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் நாமே அதைக் கூப்பிட்டதாக ஆகிவிடும் என்று பயம்.

இப்படிப்பட்ட மலைக்கு அவர் வந்து சேர்ந்தார். தான்சானியாவில் காப்பிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கப் போன எங்கள் ஊர் சந்திரசேகரைக் கட்டிக்கொண்டு, நர்ஸ் படிப்போடும் ஒரு தகரப் பெட்டியோடும் வந்தார். தலைச்சோலைப் பக்கம் வெள்ளைச் சேலை கட்டிப் பனிக்குள் நடந்தபோது, ஆள் இல்லாமல் சேலை மட்டும் நடந்து வருகிறது என்று, பழம் பறித்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நாங்கள் என்னவோ பாலில் தோய்த்து எடுத்தவர்கள் போல அவர் நிறத்தைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. ஊசி போட்ட இடத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவர்கள்கூட உண்டு. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். மறு வாரம் சேலைக்கு மேல் ரத்தச் சிவப்பில் ஒரு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, இப்போதாவது தெரிகிறேனா என்று கேட்டுக்கொண்டே அதே வழியில் வந்தார்.

அவர் வளர்ந்த வீட்டில் வேறு வழக்கம். வாசலில் நின்று ஒரு முறை கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் அங்கே மரியாதை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் உள்ளே இருப்பவரை விரட்டுவது போலாகும். இது எங்களுக்குத் தெரியாது, எங்களுடையது அவருக்குத் தெரியாது.

ஆடி மாதம், பட்டப்பகல். இன்று எங்கள் மருத்துவமனையில் ஆயாவாக இருக்கும் குப்பாயி அன்று தலைச்சோலையில் நிறைமாதக்காரி. வலி எடுத்துவிட்டது. கணவர் குழந்தைவேல் ஜீப் தேடி நாகலூருக்கு ஓடியிருந்தார். அதற்குள் பனி இறங்கிவிட்டது. விவரம் கேள்விப்பட்ட நர்சம்மா குறுக்கு வழியில் ஏறி வந்து வாசலில் நின்று, "குப்பாயி" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார். உள்ளே கிடந்த குப்பாயிக்கு அது நன்றாகக் கேட்டது. எங்கே முனகல் வெளியே கேட்டுவிடுமோ என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அடுத்த குரல் வருமா என்று காத்திருந்தார். வெளியே நின்றவர் பதில் வருமா என்று காத்திருந்தார். ஒரு பலகைக் கதவுதான் நடுவில். குப்பாயியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்து, கடைசியில் நர்சம்மா திரும்பி இறங்கிவிட்டார். குப்பாயி பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

காரணம் தெரிந்த நாளில் அம்மையார் குப்பாயியின் வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று முதல் எந்த வாசலிலும் மூன்று முறை கூப்பிடப் பழகிக்கொண்டார். ஆனால் குப்பாயிக்கு அது போதவில்லை. உடம்பு தேறியதும் வீடு வீடாகப் போய், "நர்சம்மா கூப்புட்டா மொதக் கூப்பாட்டுக்கே ஏனுன்னு கேளுங்க. மூணாங் கூப்பாட்டுக்குக் காத்திருந்துதான் எம்புள்ளையத் தொலைச்சன்" என்று சொன்னார். ஒரே நாளில் நடந்துவிடவில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவில்கூட இதைப் பற்றிச் சண்டை வந்தது. ஆனாலும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பனி எவ்வளவு அடர்ந்திருந்தாலும் நர்சம்மா குரல் கேட்டால் முதல் அழைப்புக்கே தாழ்ப்பாள் விலகியது. அவர் பெருமையாகச் சொன்னது இதைத்தான். எத்தனை தாய்மார்கள், எத்தனை சிசுக்கள் அதனால் பிழைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

பயம் என்று அவர் சொன்னது அதற்குப் பிறகு நடந்தது.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வருடம். வெண்பாறைக்கு அடியில் இருந்த தொழிலாளர் லைன் வீடுகளில் பனி புகுந்த சாயங்காலம், நர்சம்மா ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிட்டார். பார்வதியைக் கூப்பிட்டார், சின்னசாமியைக் கூப்பிட்டார், கலாவைக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரே முறை. 'பார்வதி' என்பதில் அந்த 'ர'வைச் சற்று உருட்டும் அவருடைய வழக்கமான உச்சரிப்பு. எல்லாரும் உடனே கதவைத் திறந்தார்கள். வாசலில் யாரும் இல்லை. குரல் சற்றுத் தள்ளிக் காப்பிச் செடிகளுக்குள் கேட்டது. என்ன அவசரமோ என்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு களத்து மேட்டுக்கு வந்து நின்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்த சரிவு மொத்தமாக இறங்கி அத்தனை வீடுகளையும் மூடியது.

அதே லைன் வீட்டுப் பொன்னாயி மட்டும் களத்து மேட்டில் நிற்கவில்லை. "இதா வந்துட்டனுங்க நர்சம்மா" என்று சொல்லிக்கொண்டே செடிகளுக்குள் நடந்து போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நாட்கணக்கில் தேடினோம். அவருடைய செருப்புகள் மட்டும் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் கிடைத்தன. யார் வீட்டுக்கோ உள்ளே போகிறவர் வாசலில் கழற்றி விடுவது போல, ஜோடியாக, மரத்தைப் பார்த்தபடி இருந்தன.

அன்று சாயங்காலம் அம்மையார் இந்த மலையிலேயே இல்லை. சேலத்தில், சாகக் கிடந்த கணவரின் கட்டிலருகே இருந்தார். காரியம் முடிந்து அவர் மேலே வந்தபோது லைன் வீட்டு ஆட்கள் காலில் விழுந்தார்கள். நான் வரவே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இன்றும் அதை அவருடைய பெரிய சாதனை என்றுதான் ஊர் சொல்கிறது. நாங்களும் மடலில் முதல் வரியாக எழுத நினைத்தோம். அவர் தடுத்துவிட்டார்.

"பொழைச்சவங்கள என் கணக்குல எழுதினா, பொன்னாயியையும் என் கணக்குலதான் எழுதோணும். எங்கொரலுக்குன்னுதானுங்களே கதவத் தெறக்கப் பழகுனீங்க. யாருக்குத் தெறந்தீங்கன்னு எனக்கே தெரியலீங்க" என்றார்.

ஆகவே அதை அவருடைய சாதனையாக எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறோம். தலைமுறை தலைமுறையாக எங்கள் வாசல்களில் ஒரு முறை கூப்பிட்டுவிட்டுப் போனது எதற்காகக் கூப்பிட்டதோ, யாருக்கும் தெரியாது. பதில் சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள், எத்தனை பேர் பொன்னாயி போன வழியில் போயிருப்பார்கள் என்றும் தெரியாது.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே பனி வந்து வராந்தாவை நிறைத்தது. அம்மையார் திடீரென்று காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கதவுப் பக்கம் திரும்பினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எங்களோடு வந்திருந்த குப்பாயிக்கு மட்டும் முகம் வெளிறிவிட்டது. மேனகா அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஓய்வு ஆணை வந்த நாள் முதல் இப்படித்தான், பனி இறங்கினால் கேட்கிறது என்று அம்மையார் சாதாரணமாகச் சொன்னார்.

"எங்கூட்டுக்காரர் கொரலுங்க. 'நீமா'ன்னு ஒரே ஒருக்காதான் கூப்புடுது. நொம்ப ஆசையாக் கூப்புடுது."

பதில் சொன்னீர்களா என்று குப்பாயி கேட்டார்.

"இன்னும் இல்லீங்க" என்றார்.

அம்மையீர்! இனி மறுபடியும் உங்களோடு நேரே பேசுகிறோம். மேனகா நாளை சேலம் திரும்புகிறார். நாளை முதல் உங்களுக்குப் பணி இல்லை, போக வேண்டிய வாசல் இல்லை, அந்த வீட்டில் துணையும் இல்லை. சேலத்துக்கு வரவும் மாட்டேன் என்றுவிட்டீர்கள். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைத்து அலங்காரமாக எழுத எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் கதவுகளை முதல் அழைப்புக்கே திறக்க வைத்தவரே! நீங்கள் மட்டும் திறக்காதீர்கள். அது யார் குரலாக இருந்தாலும் சரி, எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும் சரி.

உங்கள் முழங்கால் வலி உங்களை விட்டு நீங்குக! நீங்கள் எங்களை விட்டு நீங்காதிருக்க! எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் உங்கள் கையே ஊசி போடுமளவுக்கு உங்கள் ஆயுள் ஓங்குக!

பனி இறங்கும் வேளையில் தினமும் எங்களில் ஒருவர் உங்கள் வாசலுக்கு வருவோம். முறை வைத்துக்கொண்டாயிற்று. நாளை குப்பாயியின் முறை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு அவங்க ஒருக்காக் கூப்புட்டுப் போயிட்டாங்க. நான் போவ மாட்டன்" என்கிறார். வாசலில் நின்று உங்கள் பேரை மூன்று முறை கூப்பிடுவார். முதல் குரலுக்கு எழுந்திருக்காதீர்கள். இரண்டாவதற்கும் வேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ள உங்கள் அருகில் யாரும் இல்லாவிட்டால், கட்டில் காலையாவது பிடித்துக்கொண்டு, மூன்றாவது குரலுக்குக் காத்திருங்கள். அது நாங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசலில் நிற்கப்போகும்
வெண்பாறை எஸ்டேட் மருத்துவமனை ஊழியர்கள்,
நாகலூர், ஏற்காடு.