ஒன்பதுக்கு ஒன்பது

பீச் பழத்தை வெட்டித் தின்னக் கூடாது, ஐயா. கத்தி பட்டால் பாதிச் சாறு தட்டிலேயே போய்விடும். கடித்துத்தான் தின்ன வேண்டும்.

எங்கள் பழ ஆராய்ச்சிப் பண்ணையில் பத்தொன்பது வருடமாகப் புது ரகங்களுக்கு ருசி மதிப்பெண் போடுகிறவன் நான். மரத்துக்குப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். கடித்து, மென்று, ஒன்பதுக்கு இத்தனை என்று எழுத வேண்டும். ஐந்துக்குக் கீழே நான் போட்டால் மரத்தை வெட்டிவிடுவார்கள். பண்ணையில் எனக்கு 'நாக்கு' என்றே பட்டப்பெயர். கூச்சமாக இருந்தாலும் பிடித்திருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் அந்த நாக்கு செத்துப்போனது. அதற்குப் பிறகு எனக்குப் பழமும் பஞ்சும் ஒன்றுதான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. என்னோடு ருசி பார்ப்பவர் வயதில் மூத்தவர், பண்ணையில் எல்லோருக்குமே அக்கா. அவருக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது என்று நம்பியிருந்தேன். புருவம் ஏறினால் எட்டு, உதடு சுழித்தால் மூன்று. அதைப் பார்த்தே எழுதிவந்தேன். ஒரு ரகம்கூடத் தப்பாகத் தேறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு பழத்தைக் கடித்ததும் அக்கா கண்ணை மூடிச் சொக்கிப்போனார். நானும் ஒன்பது போட்டு, பக்கத்தில் 'தேன்' என்று எழுதினேன்.

"தம்பி, அது பச்சைக் காய்டா. வாயெல்லாம் துவர்க்குது" என்றார். சிரிக்கவில்லை. "எத்தனை நாளா இப்படி?"

நான் எழுதிய ஒன்பதை அடித்தேன்.

"சரி விடு. திங்கக்கிழமை டைரக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

வேறென்ன பேசிவிடப்போகிறார்? பத்தொன்பது வருட மானம் கப்பலேறும். பயந்துதான் போனேன், அதை மறைப்பானேன்.

உச்சி, நடு, அடி என்று மூன்று இடத்திலும் பறித்த பழத்தைத்தான் ருசி பார்க்க வேண்டும். இது விதி, நான் உண்டாக்கியதில்லை. சனிக்கிழமை, கல் வாய்க்காலை ஒட்டிய மரத்துக்கு மூன்றுகால் ஏணியை நானே தூக்கிப்போய் வைத்தேன். பின்கால் விலகாமல் பிடித்திருக்கும் சங்கிலியின் கொக்கியை நானே நிமிர்த்தினேன். "உச்சிப் பழத்தை நீங்க பறிங்கக்கா, எனக்கு முட்டி வலி" என்று சொன்னதும் நான்தான். முட்டி வலி நிஜம். "நல்லாப் பிடிச்சுக்கோடா" என்று சொல்லிவிட்டு ஏறினார். நான் பிடிக்கவில்லை. தலை கல்லில் பட்டது. அதிகம் கஷ்டப்படவில்லை.

திங்கட்கிழமை டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். அக்காவின் மேசையில் கிடைத்த கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு அழுதார். பழமாகத் தின்று தின்று எனக்கு வயிறு சரியில்லையாம். பூக்கும் தேதி, கிளை வளர்ச்சி, இலை நோய் எல்லாம் பார்க்கும் பிரிவுக்கு, பதவி குறையாமல் மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். ருசி வேலையைத் தானே சேர்த்துப் பார்த்துக்கொள்வாராம். என் நாக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

தங்கமான மனசு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஐயா, இதை வெள்ளிக்கிழமையே என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஏன் அந்தக் கொக்கியைத் தொடப்போகிறேன்? வாக்குமூலத்தில் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மனம்விட்டுப் பேசாத அந்தப் பழக்கம்தான் அக்காவைக் கொன்றது.